பாகு காத்திருக்காது: பிள்ளைகளோடு பலகாரம் செய்யப் பழகுகிறவர்களுக்கு

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏப்ரல் விடுமுறை. என் பிள்ளைகள் இரண்டு பேர், தங்கை பிள்ளைகள் இரண்டு பேர், ஆக நான்கு பேரையும் சமையல்கட்டில் உட்கார வைத்துக்கொண்டு கடலை மிட்டாய் செய்யக் கிளம்பினேன். பாகு பதத்துக்கு வந்து, கடலையைக் கொட்டிக் கிளறிய நேரம் பார்த்து, நான்கு வயசு வாண்டுக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்புவதற்குள் வாணலி, கரண்டி, கடலை மூன்றும் ஒன்றாகிவிட்டன. அம்மிக் குழவியால் தட்டித்தான் பெயர்த்தோம். பிள்ளைகளைக் கேட்டால் அன்றைக்கு அதுதான் நல்ல விளையாட்டு என்பார்கள். கரண்டி வளைந்தது வளைந்ததுதான்.

தப்பு பாகின் மேல் இல்லை, என் மேல்தான். பாகு யாருக்காகவும் காத்திருக்காது. சின்னப் பிள்ளைகளோ ஓர் உருண்டையை ஐந்து நிமிஷம் உருட்டுவார்கள். நடுவில் அதைப் பாம்பாக நீட்டுவார்கள், மூக்கில் ஒட்டவைத்துப் பார்ப்பார்கள். அவர்களோடு முதல்முதலாகப் பலகாரம் செய்ய உட்காருகிறவர்கள், பொறுத்திருக்கிற பலகாரமாகப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். எள்ளுருண்டை பொறுத்திருக்கும். பர்மியர்கள் தங்கள் புத்தாண்டான திஞ்சானுக்குச் செய்கிற மோலோன் யேபோ என்கிற மாவுருண்டை பொறுத்திருக்கும். அகர் அகர் என்கிற கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றி வைத்த பிறகு நமக்கு வேலையே இல்லை. இந்த மூன்றைத்தான் நான் முதலில் சொல்லுவேன். பாகு வைப்பதெல்லாம் கடைசியில்.

யாங்கோனில் இருக்கிற நமக்கு இதற்கு ஏற்ற காலம் மார்ச் முதல் மே வரை. பள்ளிக்கூடம் ஜூனில்தான் திறக்கும். ஏப்ரல் நடுவில் திஞ்சான் தண்ணீர் விளையாட்டும் நம் சித்திரை ஒன்றாம் தேதியும் ஒரே வாரத்தில் வந்து விழும். இரண்டு புத்தாண்டுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பலகாரத்தை முடித்துவிடலாம். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் என்பதால், ஓவனும் ஃப்ரிட்ஜும் இல்லாமல் முடியாது என்கிற எதையும் இங்கே சேர்க்கவில்லை. கரி அடுப்பு ஒன்று இருந்தால் எல்லாம் நடக்கும்.

யாருக்கு என்ன வேலை

உட்காருவதற்கு முன்னால் வேலையைப் பிரித்துவிடுங்கள். பிறகு பிரித்தால் சண்டை வரும். எங்கள் வீட்டில் கணக்கு இப்படி: ஐந்து வயசுக்குக் கீழே இருந்தால் உருண்டையைத் தேங்காய்ப்பூவில் புரட்டுவது, கசகசா தூவுவது. ஐந்திலிருந்து ஒன்பது வரை மாவு பிசைவது, இடிப்பது, உருட்டுவது. பத்து வயசு தாண்டினால் அளப்பது, சின்னத் தீயில் நான் பக்கத்தில் நிற்கும்போது கிளறுவது. கொதிக்கிற தண்ணீர், காய்ச்சிய பாகு, தேங்காய் துருவுகிற அரிவாள்மணை மூன்றும் பெரியவர்களோடது. இதில் பேரமே கிடையாது.

தரையில் பழைய நாளிதழ் விரித்து, அதன் மேல் பாய் போட்டு உட்கார வையுங்கள். மேசை வேண்டாம். மேசையிலிருந்து விழும் மாவு வீடு முழுக்கப் போகும், பாயில் விழுந்தால் உதறிவிடலாம். அடுப்பு இருக்கிற மூலைக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டால் நடமாடுகிற வாண்டுகள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டிருந்தால், கடலை, எள், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டா என்று அவர்கள் அம்மாவிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான்கைந்து வயசுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கடலை கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அளவுக்குப் பால் டின்

பர்மாவில் அரிசி அளப்பதே கண்டென்ஸ்டு பால் டின்னால்தான். எட்டு டின் சேர்ந்தால் பியி என்கிற ஒரு பர்மியப் படி. காலி டின் இல்லாத வீடு இங்கே இருக்காது, எனவே கீழே நான் டின் என்று சொல்வதெல்லாம் அந்தப் பால் டின்தான். ஏறக்குறைய 300 மில்லி பிடிக்கும். டின்னின் விளிம்பைச் சுத்தியலால் தட்டி மழுக்கிய பிறகே பிள்ளைகள் கையில் கொடுங்கள். வேறு நாட்டில் இருந்து படிக்கிறவர்கள் ஏதாவது ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அதையே கடைசிவரை அளவாக வைத்துக்கொண்டாலும் சரிதான்.

கடையில் வீசைக் கணக்கு. வீசை நம் பழைய சொல்தான், நம் ஊரில் மறைந்துபோய் இங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பர்மியர்கள் பெய்த்தா என்பார்கள். ஒரு வீசை 1.63 கிலோ. கால் வீசை வாங்கினால் 400 கிராமுக்குச் சற்று மேலே வரும், ஒரு நாள் பலகாரத்துக்கு அது தாராளம். விலையை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் படிக்கும்போது அது வேறாக இருக்கும்.

சாமான் வாங்க நான் போவது தெய்ஞ்சி சந்தைக்கு. பழையவர்கள் வாயில் அது இன்னும் சூரத்தி பஜார். அனோரத்தா சாலையில் காளி கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே நடந்து போனால் ஏலக்காய், கசகசா, எள், கடல்பாசி எல்லாம் ஒரே சுற்றில் கிடைத்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அரிசி மாவு என்று கேட்டால் சாதாரண அரிசி மாவைத்தான் கட்டித் தருவார்கள். மோலோன் யேபோவுக்கு வேண்டியது ஒட்டுகிற அரிசியின் மாவு, கௌநின் மாவு. முதல் வருஷம் நான் அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லி வாங்கி வந்துவிட்டேன். உருண்டைகள் கொதிநீரில் விழுந்த கையோடு கரைந்து, பானை முழுக்க வெல்லக் கஞ்சி. பிள்ளைகள் அதையும் குடித்தார்கள் என்பது வேறு விஷயம். செட்டிநாட்டில் கவுனி அரிசி என்கிறார்களே, அந்தப் பேரும் அரிசியும் செட்டியார்களோடு இங்கிருந்து போனவை என்பார்கள். கவுனி என்று மனசில் வைத்துக்கொண்டு போனால் கடையில் நாக்கு புரளாது.

எள்ளுருண்டையில் தொடங்குங்கள்

உலகில் எள் அதிகமாக விளைகிற நாடுகளில் இதுவும் ஒன்று. மேல்பர்மாவின் வறண்ட பகுதியிலிருந்து வரும் எள், கறுப்பும் வெள்ளையுமாக மலிவாகக் கிடைக்கும். அதே பக்கத்துப் பனங்காடுகளிலிருந்துதான் நம் கருப்பட்டிக்குத் தங்கை மாதிரி இருக்கிற பனைவெல்லமும் வருகிறது. கடையில் தஞ்ஞெ என்று கேட்க வேண்டும். சின்னச் சின்ன உருண்டையாக, நம் கருப்பட்டியைவிட வெளுப்பாக இருக்கும். பர்மியர்கள் சாப்பாடு முடிந்ததும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வெறும் தேநீர் குடிப்பார்கள். ஆகவே பிள்ளைகளிடம் கொடுக்கும்போது எண்ணிக் கொடுங்கள்.

ஒரு டின் எள்ளைக் கழுவி, கல் அரித்து, வடியவிட்டு, வெறும் வாணலியில் நீங்கள் வறுக்க வேண்டும். பட்பட்டென்று வெடித்து, வெடிப்பு அடங்குகிற நேரத்தில் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் ஒரு நிமிஷம் போனால் கசந்துவிடும். தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். இங்கே ஆரம்பிக்கிறது பிள்ளைகள் வேலை. முக்கால் டின் வெல்லத்தை உதிர்ப்பது ஒருவர், ஏலக்காய் தோல் உரிப்பது ஒருவர், இடிப்பது முறை வைத்து எல்லாரும்.

மிக்ஸி இருந்தாலும் உரலை எடுங்கள். மிக்ஸியில் பத்து வினாடியில் முடிந்துபோகும், பிள்ளைகளுக்கு அதில் வேடிக்கை இல்லை. எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய். இடிக்க இடிக்க முதலில் பொடியாக இருப்பது, பிறகு ஈர மணல் மாதிரி ஆகி, திடீரென்று உலக்கையின் அடியில் பளபளக்கும். அந்த இடத்தில் நிறுத்திப் பிள்ளைகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். 'தண்ணியே ஊத்தலையே பெரியம்மா, எங்கேருந்து வந்துச்சு?' என்று தங்கை மகள் கேட்டாள். நாம் தலைக்குத் தேய்க்கிற நல்லெண்ணெய் அங்கேயிருந்துதான் வருகிறது என்றதும் அவள் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த எண்ணெய்தான் வெல்லத்தையும் எள்ளையும் பிடித்து வைக்கிறது, எனவே பாகே தேவையில்லை.

கையில் பிடித்தால் உதிராமல் நிற்கும் வரை இடித்து, நெல்லிக்காய் அளவாக உருட்டுங்கள். இருபது சொச்சம் வரும். உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் இடிக்க வேண்டும் என்று அர்த்தம். அப்படியும் ஒட்டவில்லை என்றால் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். தண்ணீர் தெளிக்காதீர்கள், சீக்கிரம் கெட்டுவிடும். உருண்டையை அரை மணி கழித்து உருட்டினாலும் ஒன்றும் ஆகாது. பொறுத்திருக்கும் என்று நான் சொன்னது இதைத்தான்.

மோலோன் யேபோ

பேருக்கு அர்த்தம் தண்ணீர் மேல் மிதக்கும் உருண்டைப் பலகாரம். நம் வீட்டுப் பூரணக் கொழுக்கட்டைக்குச் சொந்தக்காரன்தான். அதைச் சாதாரண அரிசி மாவில் செய்து ஆவியில் வேகவைப்போம், இதை ஒட்டுகிற அரிசி மாவில் செய்து கொதிநீரில் போடுவார்கள். திஞ்சான் சமயத்தில் தெருமுனையில் பெரிய வாணலியை வைத்து, சுற்றி உட்கார்ந்து ஊரே உருட்டும். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பார்கள். சத்துதித்தா என்று அதற்குப் பேர், நான்கு திசையிலிருந்தும் வருகிறவர்களுக்கு இடுகிற தானம். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பலகாரம் எனக்குத் தெரிந்து இல்லை. எனவே இதை மட்டும் வரிசைப்படுத்திச் சொல்லிவிடுகிறேன்.

1. இரண்டு டின் கௌநின் மாவு, கால் டின் சாதாரண அரிசி மாவு, ஒரு சிட்டிகை உப்பு. மூன்றையும் அகலமான பாத்திரத்தில் போட்டுப் பிள்ளைகளைக் கையால் கலக்கச் சொல்லுங்கள். அரிசி மாவு சேர்ப்பது உருண்டை தட்டையாகச் சரிந்துவிடாமல் நிற்பதற்காக.

2. வெதுவெதுப்பான தண்ணீரை நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, அவர்கள் பிசையட்டும். முக்கால் டின்னுக்கு மேல், ஒரு டின்னுக்குள் பிடிக்கும். ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். மாவு காது மடல் போல மெத்தென்று இருக்க வேண்டும். இதைச் சொன்ன மறு நிமிஷம் நான்கு பிள்ளைகளும் மாவுக் கையோடு தங்கள் காதைப் பிடித்துப் பார்ப்பார்கள், அப்புறம் பக்கத்தில் இருப்பவர் காதை. பிசைந்ததை ஈரத் துணியால் மூடி ஒரு கால் மணி வையுங்கள்.

3. வெல்லத்தைக் கொண்டைக்கடலை அளவு துண்டுகளாக நீங்கள் நறுக்குங்கள். பனைவெல்லம் கல் மாதிரி இருக்கும், கத்தி வழுக்கும். துண்டுகளை எண்ணித் தட்டில் வைத்தால் எத்தனை உருண்டை வரும் என்று முன்கூட்டியே தெரியும். எத்தனை துண்டு வாய்க்குள் போனது என்றும் தெரியும். இந்த அளவுக்கு ஐம்பது உருண்டை வரை வரும்.

4. மாவில் சின்ன நெல்லிக்காய் அளவு கிள்ளி, உள்ளங்கையில் தட்டி, நடுவில் வெல்லத்தை வைத்து மூடி உருட்ட வேண்டும். எல்லாம் சரியாகப் போகிறதா இல்லையா என்பது இந்த மூடலில்தான் இருக்கிறது. ஓரத்தில் வெடிப்பு இருந்தால் விரலில் தண்ணீர் தொட்டுத் தடவச் சொல்லுங்கள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வெல்லம் உருகி வெளியே வந்து, உள்ளே வெறும் காற்றுதான் இருக்கும். ஐந்து வயசுக்காரர்கள் உருட்டியதை வாங்கி இன்னொரு தடவை நீங்கள் உருட்டிவிடுங்கள், அவர்கள் பார்க்காதபோது.

5. உருட்டியதை ஈரத் துணி மேல் வரிசையாக வைத்து மூடுங்கள். உலர்ந்தால் விரிசல் விடும். மூடி வைத்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கும்.

6. பெரிய பானையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, பதினைந்து இருபதாக நீங்கள் கரண்டியால் இறக்குங்கள். கையால் போட்டால் தெறிக்கும். முதலில் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒட்டாமல் இருக்க ஒரே ஒரு தடவை மெதுவாகக் கிளறிவிடுங்கள். மூன்று நான்கு நிமிஷத்தில் ஒவ்வொன்றாக மேலே வரும். நாற்காலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் நின்று எண்ணுவார்கள். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஓர் உருண்டையில் கசகசாவை அழுத்தி அடையாளம் வைத்து யாருடையது முதலில் மிதக்கிறது என்று பந்தயம்.

7. மிதந்ததும் எடுத்துவிடாதீர்கள். இன்னும் ஒரு நிமிஷம் கொதிக்கட்டும். பிறகு சல்லடைக் கரண்டியால் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டு, உடனே எடுத்து வடித்து, உப்பு ஒரு சிட்டிகை கலந்த தேங்காய்ப்பூவில் சின்னவர்களிடம் புரட்டக் கொடுங்கள்.

உள்ளே வெல்லம் உருகிக் கொதியாய் இருக்கும், வெளியே ஆறியிருந்தாலும் நம்பக் கூடாது. பத்து நிமிஷம் பொறுத்து, ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தர வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த மாவு இழுபடுகிற மாவு, முழு உருண்டையை விழுங்கினால் தொண்டையில் சிக்கும். சின்னவர்களுக்கு நான்காக நறுக்கிக் கொடுங்கள், உட்கார்ந்து மென்று சாப்பிடச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிடுவது, போட்டி போட்டுச் சாப்பிடுவது இரண்டும் இந்தப் பலகாரத்துக்கு ஆகாது. பாட்டிமார்களுக்கும் நறுக்கியே கொடுப்பது நல்லது.

அப்புறம் அந்தக் குறும்பு. ஐம்பதில் ஒன்றிரண்டில் வெல்லத்துக்குப் பதில் ஊசி மிளகாயை வைத்து மூடிவிடுவது இங்கே வழக்கம். யாருக்குப் போகிறது என்று பார்க்க எல்லாரும் காத்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிற தட்டில் மிளகாய் வேண்டாம், கண்ணைக் கசக்கிக்கொண்டால் அழுகை நிற்காது. புளி ஒரு துணுக்கு வைத்தால் போதும், முகம் சுளிப்பதைப் பார்க்க அதுவே தாராளம். பெரியவர்கள் தட்டுக்கு மிளகாய் வைப்பதானால் அதை நீங்களே வைத்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். அடையாளம் மறந்துவிடாதீர்கள். போன வருஷம் என் கணவருக்காக வைத்தது எனக்கே வந்தது. அவர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

இரண்டு அடுக்குக் கடல்பாசி

பர்மியர்கள் சௌச்சோ என்பது நம் கடல்பாசி அல்வாதான். மேலே தேங்காய்ப்பால் வெள்ளையாக, கீழே கண்ணாடி மாதிரி. இரண்டு தடவை ஊற்றுகிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரே தடவைதான். தேங்காய்ப்பாலின் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஊற்றி வைத்துத் தொடாமல் விட்டால், உறைவதற்குள் அது மெல்ல மேலே ஏறிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இது மாயாஜாலம்.

இரண்டு டின் தண்ணீரில் மூன்று தட்டைத் தேக்கரண்டி கடல்பாசித் தூளைப் போட்டுக் கரைத்துக் கொதிக்கவிடுங்கள். இழையாக வாங்கியிருந்தால் அரை மணி ஊறவைத்து, பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொதி வந்த பிறகும் இரண்டு மூன்று நிமிஷம் விட வேண்டும், அரைகுறையாகக் கரைந்தால் உறையாது. அரை டின் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. அது கரைந்ததும் ஒரு டின் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி, இன்னொரு கொதி வந்ததும் இறக்கித் தட்டில் ஊற்றுங்கள். இதுவரை உங்கள் வேலை. தேங்காய்ப்பூவை வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து பால் பிழிவது மட்டும் பிள்ளைகளோடது. டின்னில் அடைத்த தேங்காய்ப்பால் வேண்டாம் என்பேன். அதில் பிரியாமல் இருப்பதற்கென்றே ஏதாவது சேர்த்திருப்பார்கள், அடுக்கு வராது.

ஃப்ரிட்ஜ் வேண்டியதில்லை. கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே வந்தால் தானாக உறையத் தொடங்கும். உறைந்த பிறகு 85 டிகிரி வரை சூடாக்கினால்தான் திரும்ப உருகும், ஆகவே யாங்கோன் வெயிலுக்கு அது அசையாது. ஏப்ரல் மதியத்தில் உறைவது மட்டும் தாமதமாகும். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதற்குள் தட்டை வைத்துவிடுங்கள். தட்டை ஆட்டிப் பார்க்கத் துடிக்கிற கைகளுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும்.

நான் கொடுப்பது சங்குப்பூ. பத்துப் பூவைக் கொதிநீரில் போட்டால் நல்ல நீலச் சாயம் இறங்கும். ஆறியதும் அதைச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து, ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு துண்டு எலுமிச்சை கொடுங்கள். ஒரு சொட்டு விட்டால் ஊதா, இன்னும் சில சொட்டு விட்டால் ரோஜா நிறம். புளிப்பு படப்பட நிறம் மாறுகிறது. நீலத் தண்ணீரில் கடல்பாசி காய்ச்சி, இறக்கிய பிறகு கிண்ணம் கிண்ணமாக ஊற்றி, சூடு கொஞ்சம் தணிந்ததும் எலுமிச்சை விட்டால் மூன்று நிறத்தில் கண்ணாடித் துண்டுகள் வரும். எலுமிச்சையை முதலிலேயே சேர்த்துக் கொதிக்கவைத்தால் கடல்பாசி உறையாமல் கொழகொழவென்று நின்றுவிடும். உறைந்ததைச் சாய்சதுரமாக நறுக்கித் தர வேண்டியது நீங்கள். அடுக்கு தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தால் சின்னவர்கள் பிரித்துப் பிரித்துத் தின்பார்கள்.

அடுப்பே வேண்டாம் என்கிற நாளில்

மேரி பிஸ்கட் 200 கிராமைப் பையில் போட்டு உருளைக்கட்டையால் நொறுக்கச் சொல்லுங்கள். கண்டென்ஸ்டு பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றிப் பிசைந்து, உருண்டை பிடிக்கிற பதம் வந்ததும் நிறுத்துங்கள். கோகோ இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி. உருட்டித் தேங்காய்ப்பூவிலோ பொடித்த கடலையிலோ புரட்டினால் முடிந்தது. ரொம்ப இனிப்பு, எனக்குப் பிடிக்காது. பிள்ளைகள் அதைத்தான் முதலில் காலி செய்வார்கள்.

ரவா லாடும் கிட்டத்தட்ட இதே வேலைதான், வறுக்கவும் நெய் சூடாக்கவும் மட்டும் அடுப்பு வேண்டும். ஒரு டின் ரவையை நெய்யில் வாசம் வர வறுத்து, முக்கால் டின் சர்க்கரைப் பொடி, ஏலக்காய் கலந்து, சூடான நெய்யைக் கால் டின் அளவுக்குள் விட்டு, கை பொறுக்கிற சூட்டில் பிடிக்க வேண்டும். ஆறிப்போனால் உதிரும். ஆறினால் இன்னும் ஒரு கரண்டி சூடு நெய். ஆகவே இது அரைகுறையாகத்தான் காத்திருக்கும்.

பாகு வைக்கிற நாள்

இதையெல்லாம் இரண்டு மூன்று தடவை செய்து, நாற்காலிக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது என்பது பிள்ளைகளுக்குப் பழகிய பிறகு, பொரி உருண்டைக்குப் போகலாம். பொரிக்கு இங்கே பௌபௌ என்று பேர். அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லியே வாண்டுகள் பாதிப் பையைத் தின்றுவிடுவார்கள், எனவே ஆறு டின் அளந்து தனியாக எடுத்து வையுங்கள்.

ஒரு டின் பொடித்த வெல்லத்தைக் கால் டின் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, திரும்ப அடுப்பில் வைத்துக் காய்ச்சுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முதலில் கரைந்து போகும். அடுத்து அடியில் இளகலாக நிற்கும். பிறகு விரலால் உருட்ட வரும். அதையும் தாண்டி, உருட்டியதைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சொல்லும் வேலையைப் பத்து வயசுக்காரருக்குக் கொடுங்கள். கிண்ணமும் தட்டும் நாற்காலிக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும், சொட்டை நீங்கள் விடுங்கள். டங் என்றதும் அடுப்பை அணைத்துப் பொரியைக் கொட்டிக் கிளறி, அரிசி மாவைக் கையில் தொட்டுக்கொண்டு நீங்கள்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஓரளவு ஆறிய கடைசிப் பங்கு பெரிய பிள்ளைகளுக்கு. எட்டு வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதில் உருட்டும் வேலை இல்லை, தட்டில் அடுக்கும் வேலைதான். முகம் தொங்கிப்போகும், அதற்கு எள்ளை மறுபடி இடிக்கக் கொடுத்துச் சமாளிக்க வேண்டும்.

பாகு தண்ணீரைவிடச் சூடு, தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் விடாமல் ஊற்றுங்கள். குழாயில் தண்ணீர் வராத வீட்டில் ஒரு வாளி நிறையப் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் பாகுக்கே அடுப்பு பற்றவைப்பேன். பற்பசை, மாவு, நெய், ஐஸ் எதுவும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எறும்பு

வெல்லப் பலகாரத்தை எறும்பு கண்டுபிடிக்க எங்கள் வீட்டில் அரை மணி போதும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் பலகாரத் தட்டை வையுங்கள். தேங்காய் சேர்ந்ததெல்லாம் அன்றைக்கே தீர வேண்டும். ஏப்ரல் சூட்டில் காலையில் செய்த தேங்காய்ப்பூ சாயந்தரம் ஒரு மாதிரி வாடை அடிக்கும், அப்போது யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மோலோன் யேபோவும் மறுநாள் கெட்டியாகி ரப்பராகிவிடும். எள்ளுருண்டையும் பொரி உருண்டையும் மூடி இறுக்கமான டப்பாவில் ஒரு வாரத்துக்கு மேலே தாங்கும், டப்பா கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால்.

அன்றைக்கே தீர வேண்டியதைத் தீர்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. யாங்கோனின் பழைய அடுக்குமாடிகளில் மாடிக்கு மாடி தெருவை நோக்கிக் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. நாளிதழும் காய்கறியும் அதில்தான் மேலே ஏறி வரும். நான்காம் மாடியிலிருந்து அந்தக் கயிற்றில் ஆறு ஆறு உருண்டையாகப் பையில் கட்டிப் பிள்ளைகள் கீழே இறக்குவார்கள். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிற தாத்தாவுக்கு ஒரு பை, பூக்கார அம்மாவுக்கு ஒன்று, தண்ணீர்த் துப்பாக்கியோடு நிற்கிற எதிர்வீட்டுப் பையன்களுக்கு ஒன்று. அந்தப் பையன்கள் பைக்குள் போன வருஷம் என் பெரியவள் மிளகாய் உருண்டை ஒன்றைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மணியை இழுத்து இழுத்து அடித்தார்கள். கயிற்றை மேலே இழுத்துப் பார்த்தால், காலிப் பையில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தார்கள்.